மழைக்கு நிறம் மாறாத படம்

தம்பி,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நலம்தான் என்பது அம்மாவின் போனுக்கு நீ அனுப்பும் படங்களில் தெரிகிறது. கோட் தைக்கக் கொடுத்த படம், அழைப்பிதழ் அச்சாகி வந்த படம், வரப்போகும் மருமகள் லேனா கையில் மருதாணி போட்டுப் பார்த்த படம், எல்லாவற்றையும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்கும் காட்டுகிறாள். என் போனுக்கு மூன்று கிழமையாக ஒன்றும் வரவில்லை. கோபம் வந்தால் இரண்டு வார்த்தை ஏசிவிட்டு அடுத்த நிமிடம் சாப்பாடு கேட்கிற பிள்ளை நீ. இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்க எங்கே பழகினாய்? என்னிடமிருந்து பழகவில்லை, அது மட்டும் நிச்சயம்.

கடைசியாக நீ கதைத்தது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "அப்பா, இனி கலியாணத்துக்கு நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். சும்மா வந்து இருங்கோ, காணும்." அதற்குப் பிறகு போனை வைத்துவிட்டாய். நான் சும்மா நிற்பதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதன்தான். ஆனாலும் என் ஒரே பிள்ளையின் கலியாணத்தில் சும்மா இரு என்று அந்தப் பிள்ளையே சொன்னது, உண்மையைச் சொன்னால், நெஞ்சில் போய்த் தைத்தது. நான் செய்தது பிழை என்பது விளங்குகிறது. எந்த இடத்தில் பிழையாகப் போனது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. எழுதினால் எனக்கும் விளங்கலாம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. போன வியாழக்கிழமை லேனாவின் அம்மா நான் வேலை செய்யும் இடத்துக்கு வந்தார். உங்கள் இருவருக்கும் சொல்லச் சொல்லி ஒன்று சொன்னார். அதைப் பின்னால் சொல்கிறேன், இப்போதே கடைசிப் பக்கத்துக்குப் பாய்ந்துவிடாதே. லேனாவையும் பக்கத்தில் இருத்தி, இதை ஜெர்மனில் சொல்லிக்கொண்டே வாசி. சின்ன வயதில் எனக்காக எவ்வளவோ மொழிபெயர்த்தவன் நீ. இந்த ஒரு முறையும் செய்துவிடு.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று லேனா வீட்டில் கேட்டபோது நீ "மியூசியத்தில்" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டாய். பரவாயில்லை, மிச்சத்தை நான் சொல்கிறேன். கம்பித் தொழிற்சாலையில் நின்று நின்று முதுகு விட்டுப்போன பிறகு, நாங்கள் இருக்கும் ஹம் நகரிலிருந்து ரயிலில் அரைமணி தூரத்தில் இருக்கும் அந்தச் சின்ன அரண்மனையில் காவலுக்கு நிற்கிறேன். என் பொறுப்பில் மேல்மாடியில் ஒரு சிறிய அறை. அதற்குள் நீளமான ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் இருபத்துமூன்று குட்டிப் படங்கள், எல்லாம் ராஜாக்களும் ராணிகளும். பெரியது கோழிமுட்டை அளவு, சிறியது பெருவிரல் நகமளவு. நம் வீட்டில் முன்பு ஒரு வெள்ளை எனாமல் கோப்பை இருந்ததே, விளிம்பு சிதறினால் உள்ளே கறுப்பாகத் தெரியுமே, அந்த எனாமல்தான் இதுவும். செம்புத் தகட்டில் வெள்ளை எனாமலை உருக்கிப் பிடிக்க வைத்து, அதன் மேல் இரண்டு மூன்று மயிர் மட்டும் உள்ள தூரிகையால் முகம் வரைந்து, சூளையில் வைத்து எடுப்பார்கள். பிறகு அடுத்த நிறம், அடுத்த சூடு. கடைசிச் சூட்டில் வெடித்துவிட்டால் அத்தனை நாள் வேலையும் குப்பை. வெடிக்காமல் வந்தால் நிறம் போகவே போகாது. கன்னத்தின் சிவப்பு இன்று காலையில் பூசியதுபோல இருக்கும்.

இவை எதற்கு என்று எங்கள் காட்சியகப் பொறுப்பாளர் அம்மா ஒரு நாள் விளக்கிச் சொன்னார். ஓர் அரசவையிலிருந்து இன்னோர் அரசவைக்குத் தூது போனவர் திரும்பும்போது, அந்த ராஜா தன் முகத்தை எனாமலில் எழுதுவித்து, சுற்றிவர வைரம் பதித்து, கையில் கொடுத்து அனுப்புவாராம். சமாதானம் பேசினால் ஒன்று, சம்பந்தம் பேசினால் ஒன்று. ராஜா நேரில் போக ஏலாத இடத்துக்கு அவர் முகம் போகும். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்று வரவேண்டும், வராவிட்டால் அவமானம். சில தூதர்கள் வைரத்தைக் கழற்றி விற்றுவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்களாம். எங்கள் பெட்டியிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். சுற்றிவர வெறும் குழிகள், நடுவில் சிரித்த முகம். யாரும் வராத நாட்களில் நான் அவரோடுதான் கதைப்பேன். அதுவும் தமிழில்தான், அவர் ஒருபோதும் குறை சொன்னதில்லை.

சம்பந்தம் பேச முகத்தை அனுப்புவது என்றால் எனக்கு விளங்காதா? நானும் அனுப்பியவன்தானே. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஆறு பேருக்கு ஓர் அறை. அங்கிருந்து ஊரில் இருந்த உன் அம்மா வீட்டுக்கு என் படம் போனது. படத்தில் நான் போட்டிருந்த சாம்பல் நிறக் கோட் பக்கத்துக் கட்டில் அண்ணையுடையது. அவர் அதைப் போட்டு எடுத்த படம் வேறொரு வீட்டுக்குப் போனது. உன் அம்மா விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கோட் எங்கை?" நான் வீட்டில் இருக்கிறது என்றேன். அது என் முதல் பொய். அடுத்த கிழமை அந்த அண்ணை அதே கோட்டோடு எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். அம்மா அவரைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சோறு போட்டாள். எத்தனையோ வருடம் கழித்துத்தான் தன் படத்தில் இருந்த தோடு தன் அக்காவுடையது என்று சொன்னாள். அத்தனை வருடமும் நான் ஒருவன்தான் ஏமாற்றுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளிப்படையாகக் கேட்டிருந்தால் இருவரும் முதல் கிழமையிலேயே சிரித்திருக்கலாம். நீ லேனாவிடம் எதையும் அப்படி மறைத்து வைத்திருக்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லேனா வீட்டுக்கு முதல் முறை எல்லோருமாகப் போவது என்று முடிவானதும், என்ன கொண்டுபோவது என்று எனக்கும் அம்மாவுக்கும் ஒரு கிழமை சண்டை. பழத் தட்டும் சேலையும் போதும் என்றாள் அம்மா. எனக்குப் போதவில்லை. லேனாவுக்குத் தகப்பன் இல்லை, ஆறு வருடத்துக்கு முன் போய்விட்டார். லேனாவின் அம்மா தனியாக இருந்து எங்கள் வீட்டை எடைபோடப் போகிறா என்று ஒரு பயம். எங்களிடம் அரண்மனை இல்லை, மூன்றாம் மாடியில் லிஃப்ட் இல்லாத வீடுதான். ஆனாலும் நாங்களும் ஓர் அரசவைதான் என்று காட்டவேண்டும்போல இருந்தது. அப்போதுதான் அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது. உங்கள் இருவரின் முகத்தையும் எனாமலில் செய்து கொடுத்தால்? அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. கேட்டால் அது பரிசு இல்லையே என்று நினைத்தேன்.

இணையத்தில் தேடினேன். நீள்வட்டம், உண்மையான எனாமல், சூளையில் சுட்டது, மழை வெயில் பனி எதற்கும் நிறம் மாறாது என்று போட்டிருந்தது. சுவரில் மாட்டும் படத்துக்கு மழை ஏன் வருகிறது என்று ஒரு கணம் யோசித்தேன். இந்த நாட்டில் எதை வாங்கினாலும் மழைக்கு உத்தரவாதம் கொடுப்பார்கள்தானே என்று விட்டுவிட்டேன். பின்பக்கத்தில் திருகாணி போட இரண்டு துளை இருக்கும் என்றும் இருந்தது. மாட்டுவதற்கு வசதி என்று மெச்சிக்கொண்டேன். படிவத்தில் இரண்டு திகதி கேட்டார்கள், தேவையில்லை என்று இரண்டையும் வெறுமையாக விட்டேன். அதைச் சரிபார்க்க ஒரு பெண்பிள்ளை போன் எடுத்தது. எவ்வளவு மெதுவாக, எவ்வளவு பக்குவமாகக் கதைத்தது தெரியுமா? "உங்கள் சொந்தக்காரர்களா?" என்று கேட்டது. மகனும் மருமகளும் என்றேன். "இரண்டு பேருமா?" என்றது. இரண்டு பேரும்தான், ஒன்றாக என்றேன். "இவ்வளவு இளமையாக..." என்றது. ஓம், இருவருக்கும் இருபத்தொன்பது என்று பெருமையாகச் சொன்னேன்.  அந்தப் பிள்ளை, தானே பக்கத்தில் நின்று கவனமாகச் செய்விப்பதாகச் சொன்னது. ஜெர்மன்காரருக்குள்ளும் இப்படி இரக்கமுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அன்று இரவு, பரிசைப் பற்றி வாய் திறக்காமல், அம்மாவிடம் சொன்னேன்.

மிச்சம் நீ பார்த்ததுதான். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது. பீலெஃபெல்ட் நகரில், லேனா வீட்டில், ஞாயிறு பின்னேரம், மேசையில் பிளம்ஸ் கேக், நல்ல கோப்பைகள். லேனாவின் அம்மா சேலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நல்ல முகம். இதுதான் நேரம் என்று சிவப்பு வெல்வெட் பெட்டியை நீட்டினேன். திறந்தார். பார்த்தார். மூடியைத் திரும்பப் போட்டு, மெதுவாக எழும்பிச் சமையலறைக்குப் போனார். உள்ளே தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன், சத்தியமாக. லேனா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, முகம் வெளுத்துப்போய், "என் அப்பாவுக்கும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது" என்றாள். எனக்கு மகிழ்ச்சி. மனிதர் இருந்திருந்தால் நாங்கள் இருவரும் இதைப் பற்றியே கதைத்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன். "எங்கே இருக்கிறது, பார்க்கலாமா?" என்று கேட்டேன். "அவருடைய கல்லறையில்" என்றாள் லேனா.

நீ என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்து, "உங்களுக்கென்ன விசரே அப்பா? உயிரோடை இருக்கிற ஆக்களுக்கு ஆராவது கல்லறைப் படம் செய்வினமே?" என்றாய்.  அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். எனக்குத் தெரியாது, தம்பி. இந்த நாட்டில் என் பாதி ஆயுளுக்கு மேல் போய்விட்டது, ஆனால் செத்தவீடு என்று நான் போனதெல்லாம் எங்கள் ஆட்களை எரிக்கும் இடத்துக்குத்தான். தேவாரம் படிப்போம், தலையைக் குனிந்துகொண்டு திரும்புவோம். புதைக்கிற பக்கத்தில் நான் காலே வைத்ததில்லை. அன்றைக்கு அடுத்த நாள்தான் ஹம்மில் இருக்கும் பெரிய இடுகாட்டுக்குப் போனேன். போலந்துக்காரர், இத்தாலிக்காரர், ரஷ்யாப் பக்கமிருந்து வந்த ஜெர்மன்காரர், கல்லுக்குக் கல் நீள்வட்டப் படம். மழையில் நனைந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரின் கன்னச் சிவப்புக்கூடப் போகவில்லை. அங்கே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, இணையத்தில் வாசித்த உத்தரவாதத்தை நினைத்தேன். எனக்கு என் மீதே அப்படி ஒரு வெட்கம் வந்தது.

ஆனால் குழப்பம் அதோடு தீரவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தால் அதே நீள்வட்டம், அதே எனாமல், அதே சூளை. இங்கே வாழ்த்து, அங்கே ஒப்பாரியா? யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள்? பொறுப்பாளர் அம்மாவிடம் கேட்டேன். அவர், நல்ல கேள்வி என்றார். படித்தவர்கள் தெரியாது என்பதை அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் வீடுகளில் உயிரோடிருப்பவரின் படத்துக்கு யாராவது மாலை போட்டால் நான் அந்த வீட்டை விட்டே எழும்பி வந்துவிடுவேன். அதே வேலையை நானே ஒரு விதவைத் தாயின் மேசையில் செய்துவிட்டேன்.

பரிசு என்றால் எனக்கு எப்போதும் இப்படித்தான் நடக்கிறது. அப்போது உனக்கு எட்டு வயது. விசாவை நீட்டித் தந்த வெளிநாட்டவர் அலுவலகத்துப் பெண்மணிக்கு ஒரு பெரிய சொக்லேட் பெட்டி கொண்டுபோனோம். உன் உயரத்துக்கு அந்த மேசை நெற்றியில் இடித்தது. அவர் ஏதோ சொல்லிப் பெட்டியைத் தள்ளினார். நீ, "அப்பா, அவ எடுக்கமாட்டாவாம், எடுக்கக் கூடாதாம்" என்றாய். நான் நம்பவில்லை. நீ ஒழுங்காகச் சொல்லவில்லை என்று, தெருவில் ஆட்கள் பார்க்க உன்னை ஏசினேன். பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாய், ஒன்றையும் சாப்பிடவில்லை. நீ சொன்னது அத்தனையும் சரி என்று எனக்குப் பிறகு தெரியவந்தது, ஆனால் உன்னிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், பிழை என்னுடையது. இந்தக் கடிதத்தை நீ எப்படி மொழிபெயர்த்தாலும் ஏசமாட்டேன். கொடுக்கும் முன் கேள் என்று உனக்குப் புத்தி சொல்லலாம் என்று பார்க்கிறேன். ஆனால் கேட்டுக் கேட்டுக் கொடுத்தால் பரிசில் என்ன மிஞ்சும் என்றும் ஒரு மனம் கேட்கிறது. எனக்கே தெளிவில்லாத புத்தியை உனக்கு எப்படித் தருவது?

இனி வியாழக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும், அறையில் ஆளில்லை. படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். பார்த்தால் லேனாவின் அம்மா, கையில் நுழைவுச் சீட்டு.  "இப்படி ஒன்றை எங்கே பார்த்தீர்கள், காட்டுங்கள்" என்றார், அவ்வளவுதான். காட்டினேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் தூதர்களையும் வைரத்தையும் சம்பந்தத்தையும் சொன்னேன். வைரம் போன மனிதரிடம் அவர் நெடுநேரம் நின்றார்.

"இவர்கள் எல்லாம் இறந்தவர்கள்" என்றார்.

"இப்போது ஓம். கொடுக்கும்போது உயிரோடு இருந்தவர்கள்" என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே உடைந்து அழுகையாகிவிட்டது. என் கதிரையை அவருக்குக் கொடுத்தேன், அது சட்டப்படி பிழை. முதல் கிழமை உங்கள் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தாராம். இரண்டாம் கிழமை திருப்பிப் பார்த்தாராம். லேனா இவ்வளவு வாய் திறந்து சிரித்து ஆறு வருடமாகத் தான் பார்க்கவில்லை என்றார். இப்போது அது சமையலறையில், ரேடியோவுக்கு மேலே இருக்கிறது. துளையில் திருகாணி போடவில்லை, போடவும் மாட்டேன் என்றார். எனக்கு அது விளங்கியது, கல்லில் பதிக்கும் படத்துக்குத்தான் திருகாணி.

பிறகு பையிலிருந்து, கோப்பை துடைக்கும் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். எனாமலில் லேனாவின் அப்பா. கல்லறைக்கல் செய்பவர் முதலில் இந்தப் படத்தைச் செய்வித்தபோது சூளையில் கண்ணின் நீலம் கூடிப்போய்விட்டதாம், அதனால் வேறொன்று செய்து கல்லில் பதித்தார்களாம். இந்த முதல் படத்தை எறியவும் மனம் வரவில்லை, மாட்டவும் மனம் வரவில்லை. ஆறு வருடம் மேசைத்துணிகளுக்கு இடையில் வைத்திருந்தார். லேனாவுக்கே தெரியாதாம். கசகஸ்தானில் பிறந்து, சின்னப் பிள்ளையாக இங்கே வந்து, தாய் தகப்பனுக்காக அலுவலகம் அலுவலகமாக மொழிபெயர்த்தவராம் லேனாவின் அப்பா. அதைக் கேட்டபோது எனக்கு உன் நெற்றியும் அந்த மேசையும்தான் நினைவுக்கு வந்தது. "நீங்கள் உங்களுடையதைத் தந்தீர்கள். என்னிடம் திரும்பத் தர இதுதான் இருக்கிறது" என்றார் லேனாவின் அம்மா. "திருமணத்துக்கு இவரை நீங்கள் கூட்டி வாருங்கள். நான் கொண்டுவந்தால் அன்று முழுவதும் அழுவேன். பிள்ளைகளுக்கும் நீங்களே சொல்லுங்கள், எனக்கு முடியாது." இதுதான் அவர் சொல்லச் சொன்னது. லேனா அழுதால் கொஞ்சம் பொறுத்து மிச்சத்தை வாசி.

அன்று மாலை, சட்டைப் பையில் எனாமல் படத்தோடு காவல்காரனே வெளியே போனால் என்ன ஆகும் என்று பயந்து, பொறுப்பாளர் அம்மாவிடம் முதலே காட்டினேன். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்து, "நீலம் கொஞ்சம் கூடிவிட்டது, ஆனால் நல்ல முகம்" என்றார். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, "இஞ்சருங்கோ, செத்த மனுசன்ரை படத்தைக் கலியாண வீட்டுக்குக் கொண்டுபோறதே? கொண்டுபோறதெண்டால் மாலை போட்டு விளக்கு வைக்க வேணுமெல்லே?" என்கிறாள். மாலை போட்டால் அவர்கள் ஆட்கள் பயப்படுவார்களா? போடாவிட்டால் எங்கள் ஆட்கள் கதைப்பார்களா? அவரைக் கொண்டுவருவதில் லேனாவுக்குச் சந்தோஷமா, நோவா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தம்பி. இந்த முறை கேட்கிறேன். நீயும் லேனாவும் கதைத்துவிட்டுச் சொல்லுங்கோ. வேண்டாம் என்றால் துணியில் சுற்றி லேனாவின் அம்மாவிடமே கொண்டுபோய்க் கொடுத்து, நானே மன்னிப்புக் கேட்பேன்.

வேண்டும் என்றால் மாலையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். அவரை என் சட்டைப் பையில், இடப்பக்கத்தில் வைத்துக் கூட்டி வருவேன். மண்டபத்தில் வெளியே எடுத்து, மேடை தெரிகிற மாதிரி இருத்துவேன். வேறு எதுவும் செய்யமாட்டேன். நீ சொன்னபடியே சும்மா வந்து இருப்பேன். முன்வரிசையில் அம்மாவுக்கு ஒரு கதிரை, எனக்கு ஒரு கதிரை, எனக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கதிரை போடு.

அப்பா